அப்பாவின் பெயர் வெட்டியிருந்த கல்

கையில் தேங்காயோடு ஒரு போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் போய், கும்பிடுவதை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் புள்ளி பார்த்த மடையன் உலகத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்றால் அது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் கண்டுபிடித்து, 'அட, இந்த ஆளை நம்பியா இவ்வளவு தூரம் படித்தோம்' என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம் பாருங்கள்.

நான் ரிக் வண்டிக்காரன். ஆழ்துளைக் கிணறு போடுகிற தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இந்தத் தொழிலில் இருப்பார்கள். உள்நாட்டில் துளைத்துத் துளைத்து இடம் போதாமல் வண்டியைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியவர்களில் நானும் என் கூட்டாளிகளும் சேர்த்தி. கென்யாவில் ஊர் ஊராகப் போய்க் குழாய் இறக்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்போம். அடியில் நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. நிற்காத தேங்காயை நிற்கவைக்கிற விரல் வித்தையும் எங்களுக்குத் தெரியும். அதை வெளியில் சொல்வதில்லை.

அன்று தேங்காய் வாங்கிப் போனது உடைப்பதற்காகத்தான். உள்ளே போனால் பச்சைப் புல். வரிசை வரிசையாக இடுப்புயரம்கூட இல்லாத வெள்ளைக் கற்கள். கற்களில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கால் நடக்க, கை தன் பாட்டுக்குத் தேங்காயைப் படுக்க வைத்துவிட்டது. ஒரு திருப்பத்தில் தேங்காய் எழுந்து நின்றது. சத்தியமாக நான் விரலை அசைக்கவில்லை. பழக்க தோஷத்தில் குதிகாலால் புல்லில் ஒரு கோடு கீறி, "அறுநூறு அடி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு தோட்டக்காரர் ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்றேன். அவர்கள் பாஷையில் எனக்குப் பிழையில்லாமல் வருகிற ஒரே வாக்கியம் அதுதான். அவர் சுற்றியிருந்த கற்களை ஒரு தடவை பார்த்தார்.

"இருக்கட்டும். இங்கே யாரும் கேட்கவில்லை" என்றார்.

நான் அங்கே போனது என் அப்பா சொல்லி. அப்பா சொன்னது அவருடைய பெயருக்காக. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஜேடர்பாளையத்திலிருந்து வருகிற வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் விவசாயக் காடு. அதன் மூலையில் ஒரு ஊஞ்ச மரம். அதன் அடியில், எங்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோனவர்களுக்குக் கல் நட்டிருக்கும். வருஷத்தில் ஒருநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வேட்டி சாத்தி, பொங்கல் வைப்போம். கல் நடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. இறந்தவரைப் புதைத்த இடத்திலிருந்தோ எரித்த இடத்திலிருந்தோ ஒரு பிடி மண் எடுத்துவந்து குழியில் போட்டு, அதன்மேல்தான் நடவேண்டும். பிடிமண் இல்லாமல் நட்டால் அது வெறும் கல். ஆடு வந்து முதுகு சொறிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அங்கே ஒரு கல் மட்டும் நடப்படாமல் என் நினைவு தெரிந்த நாளிலிருந்து படுத்தே கிடக்கிறது. அது பட்டாளத்தாருடையது. என் அப்பாருவின் தம்பி. அதாவது என் அப்பாவைப் பெற்றவரின் கூடப்பிறந்தவர். வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையில் பட்டாளத்துக்குப் போய், லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆப்பிரிக்காவில் குண்டு விழுந்து செத்தார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவரைப் பற்றி எங்கள் வீட்டில் மிச்சமிருந்த தகவல் இவ்வளவுதான்: இடது கைக்காரர், பாகற்காய் தின்னமாட்டார். எனக்கும் பாகற்காய் ஆகாது. அதனால் சின்ன வயதில் தட்டில் ஒதுக்கிவைக்கும்போதெல்லாம் "அப்படியே பட்டாளத்தாரு" என்பார்கள். அவரோடு எனக்கு இருந்த உறவு அந்தப் பாகற்காய் ஒன்றுதான்.

ஆனால் அப்பாவுக்கு அப்படியில்லை. பட்டாளத்தார் இறந்து சில வருஷம் கழித்துப் பிறந்த என் அப்பாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வைத்ததோடு சரி. வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி அப்பாவைக் கூப்பிட்டதில்லை. அது சாமியாகிவிட்டவர் பெயர். சொல்லித் திட்டினால் அவரைத் திட்டியது போலாகும். பெற்ற தாயே 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்களாம். பங்காளிகளுக்குச் 'சின்னவன்'. என் அம்மா கூப்பிட வாய்ப்பே இல்லை. ஆக, பள்ளிக்கூடத்து வாத்தியாரும் கரண்டு பில்லும் மட்டுமே புழங்கிய பெயர் அது. கல் நட்டு, பட்டாளத்தார் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும் என்பது குடும்பத்து வழக்கு. மண்ணுக்கு எங்கே போவது? அப்பாரு ஆளைத் தேடி, வழியைத் தேடி, கடைசியில் அந்தப் பொறுப்பை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு இப்போது எண்பதை ஒட்டி வயது. இரண்டு தடவை நெஞ்சுவலி வந்து நாமக்கல்லில் படுத்து எழுந்தாகிவிட்டது.

போன வருஷம், ஈரோட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகன், துரைமார்கள் வாயில் நுழைந்தபடி அந்தப் பெயரை நாலைந்து விதமாகத் தட்டிப் பார்த்து, கல்லறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான். கென்யாதான். அப்பா உடனே எனக்குப் போன் போட்டார்.

"அங்கத்தான இருக்கற? ஒரு எட்டுப் போயி மண்ணு எடுத்தாந்துரு."

"அப்பா, நம்மூட்டுலிருந்து பரமத்திக்குப் போறாப்பலயா? நான் இருக்கற எடத்துலிருந்து ஒரு பகல் பஸ்ஸுங்க."

"செரி, இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் போ."

"அங்க தோண்ட உடுவாங்களோ என்னமோங்க."

"ஒரு புடி மண்ணுக்கு எதுக்குடா தோண்டறது?" பிறகு அப்பா சொன்னார்: "கல்லு நட்டாச்சுன்னா அவரு பேரு அவருகிட்டப் போயிரும். எம்பேரு எனக்காவும். எனக்கு எழவு சொல்லறப்பவாச்சும் நாலு பேரு எம்பேரச் சொல்லிச் சொல்லோணும்."

பதில் தெரியாத இடத்தில் நான் கேலியைப் போட்டு அடைப்பேன். "வேணும்னா இப்பவே நான் ஒருக்காக் கூப்புட்டுப் பாக்கட்டுங்களா?" என்றேன்.

"செருப்பு இங்கிருந்து அங்க வரைக்கும் வரும்" என்று வைத்துவிட்டார்.

அப்படித்தான் தேங்காயோடு போனேன். தோட்டக்காரரிடம் மகன் அனுப்பிய கல்லறை எண்ணைக் காட்டியதும் அவர் நேராகக் கூட்டிப்போய் நிறுத்தினார். கல்லின் உச்சியில் இந்தியில் ஒரு வரி. எனக்கு இந்தி தெரியாது. அதற்குக் கீழே எண், அதற்குக் கீழே என் அப்பாவின் பெயர்.

பெற்ற அப்பனின் பெயரைக் கல்லறைக் கல்லில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றுமே இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானும் மனசைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். தெரியவில்லை. சில இடங்களில் ஆயிரம் அடி இறக்கினாலும் ஈரம் வராது. புகையாக வெறும் தூள் மட்டும் எழும்பிக்கொண்டிருக்கும். நிலத்துக்காரர் பக்கத்தில் நின்று, இன்னும் இறக்குங்கள் இன்னும் இறக்குங்கள் என்பார். நானே நிலத்துக்காரனாகவும் நானே வண்டிக்காரனாகவும் அங்கே நின்றேன்.

"யார் இவர் உனக்கு?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

"என் தாத்தா."

அவர் கல்லில் இருந்த வயதைப் பார்த்தார். இருபத்தொன்று. பிறகு என் வழுக்கைத் தலையைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்காதது மரியாதை. என் மகனுக்கு இருபத்தைந்து. அவனைவிடச் சின்னப் பையனை நான் அப்பாரு என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் மீசை வைத்திருந்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்த கண் ஒன்றுகூட இன்று உயிரோடில்லை. யாரை நினைத்து அழுவது?

இடது பக்கத்துக் கல்லிலும் வலது பக்கத்துக் கல்லிலும் வயது ஏறக்குறைய அதேதான். ஒருவர் பெயர் வடக்கத்திப் பெயர். இன்னொருவருக்குப் பெயரே இல்லை.

கல்லின் மேல் தேங்காய் உடைக்கக்கூடாது என்று தோட்டக்காரர் தடுத்துவிட்டார். வாசலோரம் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே இருந்த சிமெண்டுத் திட்டில் உடைத்து, ஒரு மூடியை அவரிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று தின்றார். பிறகு மண் விஷயத்தைச் சொன்னேன். கல்லுக்கு முன்னால் ரோஜாச் செடி வைத்திருந்த பாத்தியைக் காட்டி, எடுத்துக்கொள் என்றார். நான் மண்டியிட்டு ஒரு பிடி அள்ளினேன். அள்ளியதும் அவர் சொன்னார்:

"நல்ல மண். போன மழைக்கு முன்னால்தான் மலைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. ரோஜாவுக்காக மாற்றுவோம்."

"அப்படியானால் இது அவரோட மண் இல்லையா?"

"அவருடையது கீழே இருக்கிறது."

"ஒரு கையளவு தோண்டிக்கொள்ளட்டுமா?"

"விரலளவும் கூடாது."

கண்டம் முழுக்க ஓட்டை போட்டுத் திரிகிற எனக்கு அங்கே ஒரு முழம் இறங்க வழியில்லை. பணிந்து கேட்டேன், பல்லைக் காட்டிக் கேட்டேன். அவர் அசையவில்லை. எல்லாருடைய வீட்டாரும் தோண்ட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயம்தான். ரோஜா மண்ணையே சட்டைப்பையிலிருந்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டாளத்தாரின் மேலே கிடந்த மண்தானே, மழை பெய்து உள்ளே இறங்கியிருக்கும், கொஞ்சம் அவரும் மேலே வந்திருப்பார் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கவர்தான் கெடுத்தது.

போர்வெல் போடும்போது வெளியே வருகிற மண்ணையும் கல்தூளையும் இத்தனை அடிக்கு ஒன்று என்று சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, வேலை கொடுத்தவர்களின் ஆபீசுக்கு அனுப்புவோம். எங்கள் சட்டைப்பையில் எப்போதும் அந்தக் கவர் நாலைந்து கிடக்கும். பட்டாளத்தாரும் அதில்தான் வந்து சேர்ந்தார். கேம்ப்புக்கு வந்ததும் ரிக் வண்டியின் முன்கண்ணாடி ஓரம், பிள்ளையார் படத்துக்குக் கீழே அவரை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நாலு நாள் கழித்து ஊருக்குக் கிளம்ப வேண்டும்; அதற்கு முந்தின நாள் எடுக்கப் போனால் கவரைக் காணோம்.

குழாய் இறக்குகிற எங்கள் டிரில்லர் வாழப்பாடிக்காரன். சுத்தபத்தமான ஆள். ஒரு பொருள் இடம் மாறி இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது.

"இங்க ஒரு கவர் வெச்சிருந்தனே, பாத்தியா?"

"மேல்மண்ணு கவர்தானே அண்ணே? எதுவும் எழுதாம உட்டிருந்தீங்க. நான்தான் மேல்மண்ணுன்னு எழுதி, மத்ததோட ஆபீசுக்கு அனுப்பிட்டேன்."

"அடப்பாவி. அது எங்க அப்பாருடா."

அவன் திகைத்து நின்றான். பிறகு அக்கறையாகக் கேட்டான்: "எத்தனை அடியிலண்ணே?"

சிரிக்கத்தான் வேண்டும். என் வாயும் சிரித்தது. உள்ளே ஒன்றும் சேர்ந்து சிரிக்கவில்லை.

ஆபீசுக்கு ஓடினேன். மண்ணைச் சோதிக்கிற பெண் அந்த ஊர்க்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். மேல்மண் என்று எழுதி வந்த மூன்று கவர்களையும் பிரித்து, மூன்று தட்டுகளில் வெயிலில் காயப்போட்டிருந்தார். இரண்டு எங்கள் வண்டி அந்த வாரம் போர்வெல் போட்ட இடங்களினுடையவை: ஒன்று பள்ளிக்கூடத்து மைதானம், இன்னொன்று மாட்டுச்சந்தை. மூன்றாவது பட்டாளத்தார். ஊர் எழுதாத காரணத்தால் எது எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றும் ஒரே சிவப்பு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். தோட்டத்து மண்ணில் ரோஜா வேராவது கிடக்குமே என்று கிளறினேன். அவர் நன்றாகச் சலித்து வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வராதது அவருக்கு வந்தது. நான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. மூன்று தட்டிலிருந்தும் மூன்று பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். திரும்பக் கல்லறைக்குப் போய்வர எனக்கு நாளில்லை.

விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தவர் பொட்டலங்களைக் காட்டி என்னவென்று கேட்டார். "எங்க அப்பாருங்க" என்றேன். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு மூடச் சொல்லிவிட்டார். மூன்றில் எது என்று அவரும் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில் அப்பாவோடு காட்டுக்குப் போனேன். ஊஞ்ச மரத்தடியைக் கூட்டித் தெளித்து வைத்திருந்தார். முந்தின நாளே ஆள் விட்டுக் குழியும் வெட்டியாகிவிட்டது. படுத்துக் கிடந்த கல்லைக் கழுவியிருந்தார்கள். அப்பா அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் முதலில் போனை எடுத்துக் கல்லறைப் படத்தைக் காட்டினேன். பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்த பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, வாய்விட்டுப் படித்தார். அப்பா தன் பெயரைத் தானே சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். யாரோ ஒருவரின் பெயரைப் படிப்பது போலத்தான் இருந்தது.

"இருவத்தொண்ணா?" என்றார்.

"ஆமாங்க."

"மேல என்னடா எழுதியிருக்குது?"

"ஓம்னு ஏதோ சாமி பேராமுங்க."

"இந்தியிலயா?"

"இந்தியிலதானுங்க."

அப்பா காலேஜில் படித்தபோது, தார் டின்னைத் தூக்கிக்கொண்டு ரயிலடிப் பலகையில் இந்தி எழுத்தை அழிக்கப் போனவர். போனின் கண்ணாடியைத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மண்ணு?"

மூன்று பொட்டலத்தையும் அவர் முன்னால் வைத்தேன். பொய் சொல்லியிருக்கலாம். ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்து, இதுதான் என்றிருந்தால் முடிந்திருக்கும். பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தேங்காய் நின்றதை, டிரில்லர் கேட்டதை, அந்தப் பெண் அழுததை. சிரிக்கிற இடங்களில் நானே சிரித்தும் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"மூணுல ஒண்ணு அவரு" என்றார்.

"அதுவும் அவரு மண்ணில்லீங்கப்பா. ரோசாச் செடிக்கு லாரில கொண்டாந்து கொட்டுன மண்ணு."

"லாரிலயா?"

"லாரிலதானுங்க."

தலையை மட்டும் ஆட்டினார்.

"மத்த ரெண்டு?"

"ஒண்ணு பள்ளிக்கூடத்து மண்ணு. ஒண்ணு மாட்டுச்சந்தைங்க."

அப்பா குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முன்னோர்களின் கற்கள் புது வேட்டியோடு நின்றன. மஞ்சள் தண்ணீர்க் குடத்தில் ஒரு எறும்பு நீந்திக்கொண்டிருந்தது; நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதே தவிர வரவில்லை.

"அப்பா, இப்ப அவசரமில்லீங்க. அடுத்த மாசம் மறுக்காப் போறனுங்க. அந்தத் தோட்டக்காரரு கையிலயோ கால்லயோ உழுந்து, அவரு மண்ணையே எடுத்தாந்தர்றேன். கல்ல அப்பறமா நட்டுக்கலாமுங்க. அவரு எடத்துல வேற யாரோட மண்ணையோ போட்டுட்டு, உங்க பேரு உங்களுக்கு வரலீன்னா என்னங்க பண்றது?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மூணையும் குழியில கொட்டுடா."